மறைத்தல் கருணையாகுமா?

பணியினின்றும் ஓய்வு பெற்றோர் இல்லங்களில் நாட்கணக்கு மாறிவிடுகின்றது. ஓய்வூதியம் வங்கிக்கு வரும் நாள் மட்டுமே நினைவில் நிற்கும். ஏனைய நாட்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளே. அவற்றை நிரப்புதற்கு நாளிதழ் உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு, ஆலயமும் உண்டு. ஆயினும் ஒருவன் தன் பதினெட்டாம் வயதில் எவ்வாறு இருந்தான் என்பதை அறிந்தவர் அவ்வில்லத்தில் ஒருவரும் இரார். மனைவி அவனை மணநாள் தொட்டே அறிவாள். மக்கள் அவனைத் தந்தையாக மட்டுமே அறிவர். பெற்றோரும் உடன்பிறந்த மூத்தோரும் மறைந்துவிட்ட பின்னர், அவன் இளமைக்குச் சாட்சியாக எஞ்சியிருப்போர் உடன் பயின்ற நண்பர்களே. எழுபதைக் கடந்தோர் கல்லூரித் தோழரைத் தேடித் தேடிச் செல்வதன் காரணம் இதுவே என்பது நம் கருத்து. தோழரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் நம்மையே தேடுகிறோம் போலும்.

நாம் 1968-ஆம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்பிற் சேர்ந்து, 1972-இல் பட்டம் பெற்று வெளிவந்தோம். வகுப்பில் நாற்பத்தொருவர். அவருள் முப்பத்தாறு பேருடைய முகவரிகள் நம்மிடத்தே உள்ள நீண்ட கோடிட்ட குறிப்பேடொன்றில் உள்ளன. 1994-ஆம் ஆண்டு முதல், பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறன்று யாரேனும் ஒரு நண்பர் இல்லத்திற் கூடுவது வழக்கமாயிற்று. குறிப்பேட்டைப் பேணும் பொறுப்பு அன்று முதல் நம்முடையது. (நம் பொருட்டு அன்றைய சமையலில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நீக்கி, பொழுது சாயுமுன் உணவிடும் அந்நண்பர்களின் பெருந்தன்மையை ஈண்டு நன்றியுடன் குறிப்பிடுகின்றோம்.)

அக்குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரு தலைமுறையின் வரலாறே விளங்கும். முதற் பக்கங்களில் வேலை, மாற்றல், பதவி உயர்வு. அடுத்து மக்களின் கல்வி. அதன் பின்னர்த் திருமணங்கள். 2009-ஐ ஒட்டி வரிசையாக ஓய்வு. நம் காலத்தில் மாநில அரசு ஊழியர்க்கு ஓய்வு பெறும் வயது 58. அது 2020-இல் 59 எனவும் 2021-இல் 60 எனவும் உயர்த்தப்பட்டபோது, 'இரண்டாண்டுச் சம்பளம் போயிற்றே' என்று வருந்திய நண்பர்களும் உளர், 'நல்லவேளை, தப்பித்தோம்' என்றவர்களும் உளர். ஓய்வு பெறும்போது கம்யூடேஷன் என்ற பெயரில் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றோர்க்கு, அப்பகுதி பதினைந்து ஆண்டு கழித்து மீண்டும் கிடைக்கத் தொடங்கும். அவ்வகையில் 2024-இல் முழு ஓய்வூதியம் பெறத் தொடங்கிய நண்பர் ஒருவர் அதனைத் தொலைபேசியில் நமக்கு அறிவித்தார். அக்குரலில் வருமானம் கூடிய மகிழ்ச்சியைக் காட்டிலும், பதினைந்து ஆண்டும் கழியும்வரை உயிரோடிருந்துவிட்டோம் என்ற வியப்பே மிகுதியாக ஒலித்தது. இனி எண்பதாம் வயதில் இருபது விழுக்காடு கூடும் என்பதே எங்களிடையே வழங்கும் அடுத்த நகைச்சுவை.

ஓய்வூதியர் ஆண்டுக்கொருமுறை கருவூலத்திற்குச் சென்று தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பெயர். இக்காலத்தில் விரல்ரேகை கொண்டு வீட்டிலிருந்தவாறே சான்று பெறும் வசதி வந்துவிட்டபோதிலும், பலர் நேரிற் செல்வதையே விரும்புகின்றனர். கருவூலத் தாழ்வாரத்து விசுப்பலகையில் ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தால் மாவட்டத்துச் செய்திகள் யாவும் வந்து சேரும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கண்புரை அறுவை, யார் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பிவிட்டான், யார் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு இப்போது எந்த மகன் வீட்டில் எத்தனை மாதம் என்பன எல்லாம் அங்கே அறியலாம்.

இச்செய்திகளுள் பெரும்பகுதி விகதை என்று நம் பெரியோர் விலக்கிய வகையைச் சார்ந்தனவே. பயனற்ற பேச்சு என்பதோடு அது நில்லாது. பொறாமையையும் செருக்கையும் மாறி மாறி எழுப்பும் ஆற்றல் அதற்குண்டு. நண்பனுக்கு நேர்ந்த துன்பத்தைக் கேட்குங்கால், வருத்தத்தின் அடியில், 'நமக்கு அவ்வாறில்லை' என்ற சிறு நிறைவு தோன்றுகின்றதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். நாம் நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வதாயின், தோன்றியதுண்டு. ஆயினும் எல்லாச் செய்தியும் அத்தகையதன்று. நண்பன் ஒருவனைப் பற்றி அறிந்த மாத்திரத்தில் நாம் எழுந்து ஏதேனும் செய்தாக வேண்டிய செய்திகளும் உண்டு. அவற்றை அறிதல் அறிவோனுக்குக் கடமையை உண்டாக்கும். அத்தகைய செய்தியை ஒருவனிடமிருந்து மறைக்க நமக்கு உரிமை உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. இவ்வினா நூலில் எழுந்ததன்று. 2018-ஆம் ஆண்டு நம் வாழ்வில் எழுந்தது; இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

நம் வகுப்பில் வருவாய்த்துறையிற் பணிபுரிந்த நண்பர் ஒருவரும், பள்ளி ஆசிரியராயிருந்த நண்பர் ஒருவரும் கல்லூரி விடுதியில் ஓரறையில் இருந்தவர்கள். ஒருவர் சட்டையை மற்றவர் அணிவார். 1980-இல் வருவாய்த்துறை நண்பர் தம் தந்தையாரின் மருத்துவச் செலவிற்காகக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றிற் கடன் பெற்றார். ஆசிரிய நண்பர் ஜாமீன் கையெழுத்திட்டார். கடன் பெற்றவர் தொலைவிடத்திற்கு மாற்றலாகிச் செல்ல, தந்தையாரும் இறந்துபட, தவணைகள் நின்றுபோயின. ஆசிரியரின் சம்பளத்திலிருந்து பதினான்கு மாதம் பிடித்தம் செய்தனர். அவ்வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது. பின்னாளில் கடன் பெற்றவர் முழுத்தொகையையும் பணவிடையாக அனுப்பினார். ஆசிரியர் அதனைப் பெற்றுக்கொள்ளாது திருப்பிவிட்டார். அவ்வளவே. ஒரு வசைச்சொல் இல்லை, வழக்கு இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் இருவரும் பேசவில்லை.

வியப்பு யாதெனில், ஆண்டுக் கூட்டத்திற்கு இருவரும் தவறாது வருவர். பந்தியின் இரு கோடிகளில் அமர்வர். கூட்டம் கலைந்த பின்னர் ஒருவர் நம்மிடம், 'அவன் ஏன் இளைத்திருக்கிறான்?' என்பார்; மற்றவர் மறுநாள் தொலைபேசியில், 'அவன் பெண்ணுக்கு வரன் அமைந்ததா?' என்பார். பெயரைச் சொல்லவே மாட்டார்கள். பகைவரைப் பற்றி இவ்வாறு கேட்பாரும் உண்டோ? இருவர்க்குமிடையே செய்தி கொண்டு செல்லும் தூதராக நாம் கால் நூற்றாண்டு இருந்தோம். அவ்விருவரையும் ஒன்றுபடுத்த நாம் முயன்றதில்லை. நாலடியாரில் நட்பிற் பிழைபொறுத்தல் என்றே ஓர் அதிகாரம் உள்ளதை எடுத்துக் காட்டக்கூட நமக்குத் தோன்றவில்லை. காலம் இருக்கின்றதே என்றிருந்துவிட்டோம்.

2018 ஆகஸ்டில் வருவாய்த்துறை நண்பருக்குக் கணையத்திற் புற்று என்று கண்டறிந்தனர். மருத்துவர் சில திங்களே கெடு வைத்தார். மருத்துவமனைக் கோப்பு, நம் வீடுகளில் வழக்கமாக நிகழ்வதுபோலவே, நோயாளியின் கைக்கு வாராது மகனின் கைக்குச் சென்றது. மகன் நம்மிடம் வந்து, 'பெரியப்பா, அப்பாவுக்கு அல்சர் என்று சொல்லியிருக்கிறோம். நண்பர்கள் யாருக்கும் தெரிய வேண்டாம். வந்து அழுதால் அவர் அறிந்துகொள்வார்' என்று கேட்டுக்கொண்டான். நாம் இசைந்தோம். அடுத்த மாதமே ஆசிரிய நண்பருக்கு மார்புவலி கண்டு, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தனர். பார்க்கச் சென்றபோது அவர் மனைவியார் வாயில்வரை உடன்வந்து, 'அண்ணா, கொஞ்ச நாளைக்கு எந்தக் கெட்ட செய்தியும் இவர் காதில் விழ வேண்டாம்' என்றார். அதற்கும் இசைந்தோம். இரண்டு வீடுகளின் இரண்டு மௌனங்களுக்கு இடையே நாம் நின்றோம். நற்செயல் செய்வதாகவே எண்ணி நின்றோம்.

அக்டோபரில் ஒருநாள் மாலை நோயாளியைக் காணச் சென்றோம். உடல் பாதியாயிருந்தது. மகன் அப்பால் சென்ற சமயம் அவர் மெல்லிய குரலில், 'தையில் கூட்டத்துக்கு அவன் வருவான் அல்லவா? ஒரு விஷயம் பேச வேண்டும்' என்றார். 'வருவான்' என்றோம். அவர் நம் முகத்தையே சற்று நேரம் நோக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தமக்கு அல்சர் அன்று என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே இப்போது தோன்றுகின்றது. நவம்பரில் அவர் மறைந்தார்.

மறைவின் பின்னரும் நாம் மறைத்தோம். சனவரிக் கூட்டத்தில் மறைந்தவர்க்காக எழுந்து நின்றோம். ஆசிரியர் உடல்நிலை கருதி வரவில்லை. அவர்க்குச் சொல்ல வேண்டா என்று குழுமியிருந்தோர் அனைவரையும் கேட்டுக்கொண்டோம். ஒருமுறை அவரே தொலைபேசியில், 'எல்லோரும் சௌக்கியந்தானே?' என்று கேட்க, 'எல்லோரும் சௌக்கியம்' என்று விடையிறுத்தோம்.

ஏப்ரலில் நேர்காணலுக்காகக் கருவூலம் சென்றவர், அவ்விசுப்பலகையில் அமர்ந்திருந்த யாரோ ஓர் ஓய்வூதியரின் வாய்மொழியாக அறிந்துகொண்டார். அன்று பிற்பகலே இரண்டு பேருந்து மாறி நம் இல்லம் வந்தார். திண்ணையில் அமர்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், கையில் வைத்திருந்தார்.

'உனக்கு எப்போது தெரியும்?'

'ஆகஸ்டில்.'

'போனது?'

'நவம்பர்.'

விரல்விட்டு எண்ணினார். 'எனக்கு மூன்று மாதம் இருந்திருக்கிறது' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சென்றார். அவருடைய இதயத்திற்கு அன்று யாதொரு தீங்கும் நேரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி நாம் செய்தது அறமா என்பதை ஆராய்வோம். நம் பக்கத்தில் சொல்லத்தக்கது ஒன்றுமில்லாமல் இல்லை. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாரின் வாய்மை விரதத்தை வகுக்குமிடத்து, பொய் உரையாமையோடு, பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரையாமையைச் சேர்த்தே கூறுகின்றது. உண்மை என்னும் பெயரால் பிறரைப் புண்படுத்தும் வன்மையை நம் அறநூலோர் வாய்மையாகக் கொண்டதில்லை. இதுவே நமக்கு அரணாயிருந்தது. அன்றியும், செய்தியை எறிந்ததனால் விளைந்த கேட்டை நாம் நேரிற் கண்டுமிருந்தோம். 2016-இல் ஒரு நண்பரின் மறைவைப் பேருந்து நிலையத்தில் தனியே நின்றிருந்த மற்றொருவர்க்குத் தொலைபேசியில் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டனர். அவர் அங்கேயே மயங்கி வீழ்ந்து, தலையில் அடிபட்டு, பத்து நாள் மருத்துவமனையிற் கிடந்தார். ஆதலின் 'உண்மையைச் சொல்லிவிடு; விளைவைப் பற்றிக் கவலாதே' என்று நம்மால் கூற இயலாது.

ஆனால் அவ்வரண் நம்மைக் காக்குமா? ஆழ்ந்து நோக்கின் அதிற் பல விரிசல்கள் தென்படுகின்றன. கேடு விளைக்கும் உண்மையைச் சொல்லற்க என்பது சரி. கேடு எது என்பதைத் துணிபவர் யார்? ஆசிரிய நண்பர்க்கு எது கேடு என்று அவர் மனைவியார் துணிந்தார், நாம் துணிந்தோம், அவரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதிர்ச்சியால் இதயம் நிற்கக்கூடும் என்பதொன்றே நம் கண்ணிற் பட்டது. முப்பத்தெட்டாண்டுப் பிணக்கு தீராமலே போய்விடும் என்பதும் ஒரு கேடு என்பது படவில்லை. முன்னது நிகழ்ந்தால் பழி நம்மேல் வரும். பின்னது நிகழ்ந்தால் ஒருவருக்கும் தெரியாது. நம் கருணைக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருந்தது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. அஞ்சியது அவர் நெஞ்சத்தை மட்டுமன்று. அவர்முன் நின்று அச்செய்தியைச் சொல்ல வேண்டிய அந்த ஒரு கணத்தையும் அஞ்சினோம். அச்சத்திற்கு அருள் என்று பெயர் சூட்டுவது மாயை என்னும் கஷாயத்தின் வேலையன்றி வேறென்ன?

மௌனம் பொய்யன்று என்பர். அதுவும் சில நாட்களுக்கே உண்மை. மௌனத்தை நெடுநாள் காப்பதற்குப் பொய் தேவைப்படுகின்றது. 'எல்லோரும் சௌக்கியம்' என்ற சொல்லை நாம் வாய்திறந்தே சொன்னோம். நோயாளியிடம் 'வருவான்' என்றதும் அத்தகையதே. அவ்விருவரும் நம்மை நம்பிக் கேட்டனர்.

மருத்துவ உலகிலும் இவ்வினா எழுந்ததுண்டு. அமெரிக்க மருத்துவரிடையே 1961-இல் வெளிவந்த ஆய்வொன்றில், புற்றுநோயாளியிடம் அவர் நோயைச் சொல்வதில்லை என்பதே தம் வழக்கம் என்றோர் 90 விழுக்காட்டினர். 1979-இல் அதே வினாவை மீண்டும் கேட்டபோது, சொல்வதே தம் வழக்கம் என்றோர் 97 விழுக்காட்டினர். பதினெட்டே ஆண்டில் இவ்வளவு பெரிய மாற்றம். மனித இதயம் அதற்குள் வலிமை பெற்றுவிடவில்லை. நோயாளிகளை அமர்ந்து கேட்கத் தொடங்கினர். கேட்டபோது அவருட் பலர் அறியவே விரும்பினர் என்பது தெரிந்தது. அந்நாட்டு வழக்கம் யாவும் நமக்குப் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. நம் குடும்பங்களில் நோய் ஒருவருடையதன்று, வீட்டினுடையது. மகன் தந்தையின் துயரைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள விரும்புவதில் அன்பு உண்டு. அதனை இகழ்வார் அதனை அறியாதார். எனினும் சுமையை ஏற்பது வேறு. மற்றொருவனுடைய கடைசி நாட்களை அவனுக்குத் தெரியாமலே நாம் வைத்துக்கொள்வது வேறு.

சமந்தபத்திரர் நூலையே மேலும் நோக்கினால், சல்லேகனையைக் கூறுமிடத்தில், முடிவை எதிர்நோக்குவோன் முதற்கண் செய்யத்தக்கதாக அவர் விதிப்பது உணவைக் குறைத்தலை அன்று. பற்றையும் பகையையும் விட்டு, சுற்றத்தாரையும் ஏவலரையும் பொறுத்து, இனிய மொழியால் அவர்தம் பொறுத்தலை வேண்டுதலையே முதலில் வைக்கின்றார். உடலைத் துறக்குமுன் பகையைத் துறத்தல் வேண்டும். அதற்குத் தன் முடிவு அணித்தென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுக்க வேண்டியவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நூல் உண்மையை அடக்கிச் சொல்லவும் சொல்லுகின்றது, அறிந்தவனாலன்றிச் செய்ய இயலாத ஒன்றைச் செய்யவும் விதிக்கின்றது. நாம் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆண்டுதோறும் தசலக்ஷண நாட்கள் நிறைவுற்றதும் தெரிந்தோர் தெரியாதோர் அனைவரிடமும் பொறுத்தருள வேண்டுகின்ற நாம், மன்னிப்புக் கேட்கத் துடித்த ஒருவரையும் அதற்காகவே காத்திருந்த ஒருவரையும் சந்திக்கவொட்டாமல் தடுத்துவிட்டோம். அதுவும் நல்லெண்ணத்தோடு.

புறநானூற்றுப் பாடல்களால் அறியப்படும் கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையார் நட்பு நம் நண்பர்கள் கூட்டத்திற் பலகாலும் பேசப்படுவதொன்று. முதுமையிலும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறிய புலவர் அல்லரோ அவர்! மக்களொடு முரணி வடக்கிருந்த சோழன், தன்னை ஒருபோதும் நேரிற் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவர் தவறாது வருவார் என்று இடமொழித்து வைத்தான், அவரும் வந்தார். நட்பின் பெருமைக்கு இதனைக் காட்டுவது மரபு. நமக்கு இப்போது வேறொன்று தோன்றுகின்றது. அரசன் வடக்கிருந்தமை நாடறிந்த செய்தியாயிருந்தது. 'புலவர் முதியவர், அவர்க்கு இதனைச் சொல்ல வேண்டா' என்று நம்மைப் போன்ற நல்லவர் ஒருவர் இடையே இருந்திருப்பாராயின் அவ்விடம் வெற்றிடமாகவே இருந்திருக்கும்.

முன்னாளில் இத்துணைச் சிக்கல் இல்லை என்றும் தோன்றும். தந்தி வந்தால் வீடே அறிந்துவிடும். பிரித்துப் படிக்குமுன்னரே அழுகை எழும். அத்தந்திச் சேவையும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது செய்தி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தனித்தனியே வருகின்றது. ஆதலின் ஒருவரை விலக்கி மற்றவர்க்குச் சொல்வது எளிதாயிற்று. மறைத்தல் எளிதான காலத்தில் மறைத்தலின் பொறுப்பும் கூடிவிட்டது.

2020 சனவரிக் கூட்டத்திற்கு ஆசிரிய நண்பர் வந்தார். நம்மோடு பழைய முறையிலேயே பேசினார். உணவிற்குப் பின்னர் நம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, தம் பெயருக்கெதிரே, 'எச்செய்தியாயினும் எனக்கு உடனே சொல்க' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதைக் கண்ட மற்றொருவர் தாமும் எழுத முன்வந்தார். ஈராண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அன்றுதான் கேட்டோம்: உனக்கு நோய் கண்டால் உன்னிடம் சொல்லலாமா? நண்பர் நோயுற்றாலோ மறைந்தாலோ உன்னிடம் சொல்லலாமா? உன் நோயைப் பிறர்க்குச் சொல்லலாமா? நலமாயிருக்கும்போது, சோறுண்ட திருப்தியோடு, சிரித்துக்கொண்டே விடையளிக்கக்கூடிய வினாக்கள் இவை. பெரும்பாலோர் சொல்க என்றனர். நால்வர் முதலில் மகனிடம் சொல்லுமாறு எழுதினர். இருவர் வேண்டவே வேண்டா என்றனர். அவருள் ஒருவர், 'நான் பயந்தவன், எனக்குத் தெரியாமலே போகட்டும்' என்று வெளிப்படையாகவே கூறினார். அவர் விருப்பத்தையும் அவ்வாறே குறித்துக்கொண்டோம். அறிய விரும்பாமையும் ஒருவனுடைய உரிமையே. பிறர் அதனைத் தீர்மானித்தலே பிழை.

அதன் பயன் எதிர்பாராத விரைவில் வந்தது. 2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, நம் வகுப்பில் மூவரை இழந்தோம். ஒருவரையும் நேரிற் காண முடியாத நாட்கள் அவை. மூவருள் ஒருவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட செய்தி வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, எழுதியிருந்தவாறே ஒவ்வொருவரையும் அழைத்தோம். சொல்லுமுன், 'அருகில் யாரேனும் இருக்கிறார்களா? உட்கார்ந்துகொள்' என்று சொல்லப் பழகியிருந்தோம். ஆசிரியர்க்குச் சொன்ன அரைமணியில் அவர் மருத்துவமனையிலிருந்தவரோடு கைபேசியிற் பேசிவிட்டார். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் இரவு அவரைச் செயற்கைச் சுவாசத்திற்கு மாற்றினர்; அதன்பின் அவர் யாரோடும் பேசவில்லை.

'வேண்டா' என்றெழுதிய நண்பர்க்கு அம்மூவர் மறைவையும் நாம் சொல்லவில்லை. அவர் நம்மை அழைத்து எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கும்போதெல்லாம், 'குறிப்பேட்டில் நீ எழுதியது அப்படியே இருக்கட்டுமா, மாற்றட்டுமா?' என்று கேட்கிறோம். 'இருக்கட்டும்' என்கிறார். அவருக்குப் புரிகின்றது என்பது நமக்குப் புரிகின்றது. ஆயினும் இதிற் பொய் இல்லை.

நாம் நம் பெயருக்கெதிரே 'சொல்க' என்று எழுதியுள்ளோம். சென்ற பொங்கலுக்குப் பின் குறிப்பேட்டைப் புதிதாகப் படியெடுக்கும்போது, அருகிருந்த இல்லத்தரசியார் அவ்வரியைப் படித்துவிட்டு, 'உங்களுக்குச் சொல்லலாம் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு ஏதாவது வந்தால் என்னிடம் சொல்வீர்களா, பிள்ளையிடம் சொல்வீர்களா? என்னை நீங்கள் கேட்கவே இல்லையே' என்றார். முப்பத்தாறு பெயர்களுக்கெதிரே ஒரு மனைவியின் விருப்பமும் எழுதப்படவில்லை என்பதை அப்போதுதான் கண்டோம். அவர் விடையை அன்றே எழுதிக்கொண்டோம். ஏனையோரைக் கேட்பதற்காக, வரும் தைக் கூட்டத்திற்கு அனைவரும் துணைவியரோடு வருமாறு கடிதம் எழுதியிருக்கின்றோம்.